தொட்டிக்கு முன்னால் நின்ற சத்தம்

என் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அங்கேதான் பார்க்கிறார்கள். அப்புறம் முகத்தைப் பார்க்கிறார்கள். அப்புறம் கேட்கிறார்கள். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. ஒரே கதையை வந்தவருக்கெல்லாம் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவன். அதற்குத் தக்கபடி இருக்கும்.

நான் பார்த்தது மயில் விரட்டும் வேலை. சிரிக்க வேண்டாம், சம்பளம் உள்ள வேலைதான். சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகும் வழியில், கரிசல் காட்டுக்குள் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி இருந்தது. பிள்ளைகள் விமானம் ஓட்டப் படிக்கிற இடம். ஓடுபாதையில் மயில் வந்து நிற்கும். ஆடு வரும், நாய் வரும். விமானம் கிளம்புகிற நேரத்தில் ஒரு மயில் குறுக்கே பறந்தால் போதும், ஆள் சேதம் ஆகிவிடும். அதற்காக என்னை வைத்திருந்தார்கள். ஒரு தகர டப்பா, ஒரு ஊதல், கொஞ்சம் வெடி. ஓடுபாதையின் கடைசியில் எனக்கு ஒரு தகரக் கொட்டகை.

வேலை வாங்கிக் கொடுத்தவர் கேப்டன் துரைராஜ். அங்கே விமானம் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவர். பாளையங்கோட்டைக்காரர். அப்போது நான் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தேன். என் ஆடுகள் வேலிக்குள் புகுந்துவிட்டன என்று திட்ட வந்தார். நான் ஒரு குரல் கொடுத்தேன், ஆடுகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. அவர் திட்ட வந்ததை மறந்து நின்றார்.

"ஏன்வே, மயிலும் உம்ம பேச்சைக் கேக்குமா?" என்றார்.

கேட்டுப் பார்க்கலாம் என்றேன். மறுவாரம் வேலையில் சேர்ந்தேன்.

பள்ளியில் இரண்டு எஞ்சின் உள்ள விமானம் ஒன்றுதான் இருந்தது. பழையது. படிப்பின் கடைசியில் பிள்ளைகள் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டினால் மட்டும் போதாது. பறக்கும்போது ஒரு எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்றும் செய்து காட்ட வேண்டும். எஞ்சின் தானாக நிற்கும் வரை காத்திருக்க முடியுமா? ஆகையால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கேப்டன், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு எஞ்சினின் விசையைக் குறைத்துவிடுவார். அது நின்றதற்குச் சமம். பிள்ளை சமாளிக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்குக் காதால் தெரியும். இரண்டு எஞ்சினும் ஒரே இரைச்சலாக என் கொட்டகைக்கு மேலே போகும். ஓடுபாதை முடிந்து கொஞ்ச தூரத்தில் பக்கத்து ஊரின் தண்ணீர்த் தொட்டி, உயரமாக, வெள்ளை அடித்து நிற்கும். அதைத் தாண்டி, நல்ல உயரம் போன பிறகு இரைச்சல் பாதியாகும். ஆகா, கேப்டன் ஒன்றைக் குறைத்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். எப்போதும் தொட்டியைத் தாண்டித்தான். ஒரு நாளும் அதற்கு முன்னால் இல்லை.

அந்த நாள் காலை மேகமாக இருந்தது. கேப்டனோடு போனது நஸ்ரின். கடையநல்லூர்ப் பிள்ளை. வாப்பா சவூதியில் வேலை. அவள் என்னை மயில் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். பேரீச்சம்பழம் கொண்டுவந்தால் எனக்கு ஒரு பங்கு தருவாள். அன்றைக்கும் போகிறபோது கையை ஆட்டிவிட்டுப் போனாள்.

விமானம் ஓடி வந்தது. சக்கரம் மேலே எழும்பியது. அப்போதே ஒரு எஞ்சினின் சத்தம் குறைந்தது. இன்னும் கொட்டகைக்குக்கூட வரவில்லை. ஒரு பனை உயரம்தான் இருக்கும். என்ன இங்கேயே குறைக்கிறார் என்று நினைத்து எழுந்தேன். விமானம் மூக்கை இடப்பக்கம் திருப்பியது. திரும்பும்போதே இடது இறக்கை கீழே சாய்ந்தது. பறவை சாய்வதுபோல இல்லை. பாரம் ஏற்றிய வண்டி சாய்வதுபோல. இறக்கை தரையில் பட்டது. அப்புறம் கரிசல் மண் சுவராக எழும்பி என்னை நோக்கி வந்தது. ஓடினேன். இரண்டு எட்டு வைத்திருப்பேன்.

சக்கரத்தோடு இருந்த இரும்புக் கால் ஒன்று பிய்ந்து வந்து என் காலில் அடித்தது என்று பிறகு சொன்னார்கள். தீப்பிடிக்கவில்லை. அதுவரைக்கும் தெய்வம் இருந்தது.

சங்கரன்கோவில் அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, ரத்தம் ஏற்றி, திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்சில் என் மனைவி பேச்சியம்மாள் என் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் அழவில்லை. வேகத்தடை வரும்போதெல்லாம் டிரைவரைத் திட்டினாள். அது எனக்குத் தைரியமாக இருந்தது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் முதல் வேலை படம் எடுப்பது. கெண்டைக்கால் எலும்பு உடைந்து தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. எலும்பு உடைந்தால் ஒட்ட வைக்கலாம். ரத்தக்குழாய் அறுந்தால்தான் கஷ்டம் என்றார் டாக்டரம்மா. சின்ன வயது. நிதானமாகப் பேசுவார். பேனா மாதிரி ஒரு கருவியைக் கொண்டுவந்தார். பாதத்தின் மேல் அதை வைத்தால் உள்ளே ரத்தம் ஓடும் சத்தம் வெளியே கேட்கும். முதலில் வலது காலில் வைத்தார். உஸ், உஸ் என்று கேட்டது. வரப்பு உடைத்துத் தண்ணீர் பாயும் சத்தம் மாதிரி. அப்புறம் இடது காலில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்தார். நானும் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்காமல் கருவியைத் துடைத்தார்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

குழாயை ஒட்டவைத்துப் பார்த்தார்கள். காலைச் சுற்றி இரும்புக் கம்பிக் கூண்டு மாட்டினார்கள். எலும்பு அசையாமல் இருப்பதற்கு. தினமும் காலையில் பேனாக் கருவி வரும். தினமும் காதைத் தீட்டுவேன். ஒரு நாள் லேசாகக் கேட்டது. பேச்சியம்மாள் நர்சுக்கெல்லாம் அல்வா வாங்கிக் கொடுத்தாள். அடுத்து மறுபடி நின்றுபோனது. பாதம் கறுத்தது. இனி அந்தக் காலை வைத்திருந்தால் விஷம் உடம்பெல்லாம் ஏறும் என்றார்கள். என்னிடம் இல்லை, பேச்சியம்மாளிடம் சொன்னார்கள்.

அவள் வெளியே காத்திருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். டாக்டரம்மாவிடம், "காலை எடுத்துக்கிட்டு ஆளைக் குடுங்க," என்றாள். அவ்வளவுதான்.

பயமாக இருந்ததா என்று கேட்கிறார்கள். இருந்தது. ஆனால் ஆபரேஷன் அறைக்குள் போகும்போது எனக்கு வந்த நினைப்பு வேறு. இனி ஓடுபாதைக்கு மயில் வந்தால் யார் விரட்டுவது என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. பள்ளியை மூடிவிட்டார்கள், அந்த ஓடுபாதையில் அதற்கப்புறம் விமானமே இல்லை.

கால் போன பிறகுதான் கால் வலித்தது. இதை நம்ப மாட்டார்கள். இல்லாத பாதத்தில் கட்டைவிரல் மடங்கிக்கொண்டு வலிக்கும். உள்ளங்கால் அரிக்கும். பைத்தியம் பிடித்துவிட்டது என்று யாரிடமும் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். டாக்டரம்மாவே கேட்டார். எல்லோருக்கும் இப்படி இருக்கும், கால் போன சேதி மூளைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அது பழைய இடத்திலேயே காலைத் தேடுகிறது என்று விளக்கினார். மாத்திரை கொடுத்தார். மாத்திரைக்குக் கேட்காத அரிப்பு வேறொன்றுக்குக் கேட்டது. அரிக்கிறது என்று நான் சொன்னால் பேச்சியம்மாள் வெறும் போர்வையைச் சொறிந்துவிடுவாள். கால் இருந்திருந்தால் எங்கே இருக்குமோ அங்கே. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் பார்ப்பார்கள். அவள் கண்டுகொள்ள மாட்டாள். "இங்கனயா, இன்னும் கீழயா?" என்று கேட்டுக் கேட்டுச் சொறிவாள். அரிப்பு நிற்கும்.

செலவைப் பற்றி எழுதப்போவதில்லை. பள்ளிக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

புண் ஆறத் தொடங்கியதும் ஊருக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று சங்கரன்கோவிலுக்கே மாற்றினார்கள். ராஜபாளையம் ரோட்டில் ஒரு சின்ன எலும்பு ஆஸ்பத்திரி. கட்டு மாற்றவும், கக்கத்தில் கட்டை வைத்து நடக்கப் பழகவும். இரண்டு படுக்கை உள்ள அறை. ஜன்னல் பக்கம் எனக்கு. மறு படுக்கையில் யார் என்று பார்த்தேன். கேப்டன்.

அவருக்கு இடுப்பெலும்பு உடைந்திருந்தது. தலையிலும் பலத்த அடி. நல்ல ஓங்கின ஆள், பாதியாக இருந்தார். மனைவி இல்லாதவர். தங்கை ஒருவர் பாளையங்கோட்டையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் பேச்சியம்மாள்தான் இரண்டு பேருக்கும் ரசம் கொண்டுவந்தாள். கேப்டன் என் காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல வே," என்றார்.

அன்று காலை இட்லி சாப்பிட்டது தெரியுமாம். விமானத்தில் ஏறி உட்கார்ந்தது தெரியுமாம். அடுத்துத் தெரிவது ஆஸ்பத்திரிக் கூரை. நடுவில் ஒன்றும் இல்லை. தலையில் பெரிய அடி பட்டால் அடிக்கு முந்தின கொஞ்ச நேரம் மூளையில் பதியாமலே போய்விடும் என்று டாக்டர் சொன்னார். வரலாம், வராமலும் போகலாம். நீங்கள் யாரும் எடுத்துக் கொடுக்காதீர்கள் என்று எங்களிடம் தனியாகச் சொன்னார். எடுத்துக் கொடுத்தால் அதையே தன் ஞாபகம் என்று அவர் நினைத்துக்கொள்வார், நிஜம் வந்தாலும் அடையாளம் தெரியாது என்றார்.

சரி என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது கஷ்டமான வேலை இல்லை.

ஒரு நாள் பள்ளி அலுவலகத்திலிருந்து மேனேஜர் ஆப்பிளோடு வந்தார். மாநில அரசா, மத்திய அரசா தெரியவில்லை, விசாரிக்க ஒரு அதிகாரி வரப்போகிறார் என்றார். அந்தப் பழைய விமானத்தில் நடந்ததைப் பதிந்து வைக்கும் பெட்டி ஏதும் கிடையாது. ஆகையால் பார்த்தவர்கள் சொல்வதுதான். "அதுல என்ன இருக்கு, பிள்ளை கால் மாத்தி அமுக்கிட்டா. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்," என்று சொல்லிக்கொண்டே ஆப்பிளை வைத்தார். கேப்டன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் போன பிறகு கால் மாற்றி அமுக்குவது என்றால் என்ன என்று கேட்டேன். அவருக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலை பிடிக்கும். படுத்தபடியே சொன்னார்.

"ரெட்டை மாட்டு வண்டிப் பந்தயம் பாத்திருக்கீரா?"

"பாக்காம என்ன சார்."

"ஓடும்போது இடத்து மாடு படுத்துட்டு. வலத்து மாடு நிக்குமா?"

"நிக்காது. அது பாட்டுக்கு இழுக்கும். வண்டி இடத்துப் பக்கம் திரும்பிக் கவுந்துரும்."

"அதுதான் வே. ரெண்டு எஞ்சின்னா ரெட்டைப் பாதுகாப்புன்னு ஜனம் நினைக்கும். ஒண்ணு நின்னா, ஓடுத எஞ்சின்தான் ஆளைக் கவுக்கும்."

கவிழாமல் பிடிக்க விமானி காலால் ஒரு மிதியை அமுக்க வேண்டும். இடது எஞ்சின் நின்றால் வலது காலை அமுக்க வேண்டும். அதற்கு வால் திரும்பும், விமானம் நேராகும். மாற்றி அமுக்கினால் இன்னும் சீக்கிரம் கவிழும். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது என்றார். வாலுக்குப் பலம் கொடுப்பது காற்று. வேகம் இருந்தால்தான் காற்று. வேகம் பத்தாவிட்டால் மூக்கணாங்கயிறு தொய்ந்த மாதிரி. அப்போது எந்தக் காலை அமுக்கினாலும் ஒன்றுதான். ஓடுகிற எஞ்சினையும் குறைத்து, மூக்கைக் கீழே இறக்கித்தான் தப்பிக்க வேண்டும். அதற்குக் கீழே இடம் வேண்டும். உயரம் வேண்டும்.

"எஞ்சின் நெசமா நின்னு விழுந்த கதை கொஞ்சந்தான் கேட்டிருக்கேன். நிக்குத மாதிரி பழகப்போயி விழுந்த கதைதான் கூடக் கேட்டிருக்கேன்," என்றார். "அதனாலதான் வே, தொட்டி தாண்டாம நான் கையை வைக்கவே மாட்டேன். உமக்குத்தான் தெரியுமே."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பனை உயரத்தில் சத்தம் குறைந்தது எனக்குத் தெரியும். வெளியே இருந்து கேட்டது நான் மட்டும்தான். அதுவரைக்கும் அது வெறும் சத்தமாக இருந்தது. இப்போது அதற்கு அர்த்தம் வந்துவிட்டது.

நஸ்ரின் வந்தது அதற்குப் பின்னால்தான். உம்மாவோடு வந்தாள். தோள்பட்டை எலும்பு உடைந்து கையைத் தூளியில் போட்டிருந்தாள். ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்திருந்தார்கள். கேப்டன் கண்ணை மூடியிருந்தார். தூங்கினாரா தெரியாது.

அந்தப் பிள்ளை என் முகத்தைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்க்கவே இல்லை.

"எந்தக் காலை அமுக்குனேன்னு எனக்கே தெரியல அண்ணாச்சி," என்றாள். "வலதுன்னுதான் நினைச்சேன். எல்லாரும் இடதுன்னு சொல்லுதாங்க. அப்ப இடதாத்தான் இருக்கும்."

பிறகு இன்னொன்று சொன்னாள். தாழ்ந்த குரலில். கேப்டன் தொட்டி தாண்டித்தான் குறைப்பார் என்று முன்னால் படித்த பிள்ளைகள் எல்லாம் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போவார்களாம். பரீட்சைக் கேள்வியைச் சொல்லிக் கொடுப்பதுபோல. அதனால் தொட்டி வரும்வரை எல்லோரும் காலைச் சும்மா வைத்திருப்பார்கள், தொட்டி நெருங்கியதும் விறைப்பாக்கிக்கொள்வார்கள். அவளும் அப்படித்தான் இருந்திருக்கிறாள். தொட்டி இன்னும் வரவில்லையே என்று இருந்திருக்கிறாள்.

"தயாரா இருந்திருந்தா உங்க கால் இருந்திருக்கும்," என்றாள்.

அவள் உம்மா சூப்பை ஊற்றிக்கொண்டே மற்றதைச் சொன்னார். தொட்டிக்கு முன்னாலேயே குறைந்தது என்று பிள்ளை சொன்னால், தப்பிக்கச் சொல்கிறாள் என்பார்கள். பிள்ளையின் தப்பு என்று விசாரணையில் முடிந்துவிட்டால் உரிமம் கிடைக்காது. வேறு பள்ளியிலும் சேர்க்க மாட்டார்கள். படிப்பு போனாலும் போகிறது, பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறாள், அதற்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார்.

எனக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருந்தது. பக்கத்துப் படுக்கையில் கேப்டன் கிடந்தார். அவர் முன்னால் அவர் பக்கம் கையைக் காட்ட மனம் வரவில்லை. சூப் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். இதுதான் நான் சொன்னது. அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். போகும்போது கையை ஆட்டவில்லை.

சாயங்காலம் பேச்சியம்மாள் என்னை வராந்தாவில் கட்டை ஊன்றி நடக்கவைத்தாள். அப்போது அவளிடம் சொன்னேன். தொட்டிக்கு முன்னால் நின்ற சத்தத்தை. அவள் நின்றுவிட்டாள்.

"வேலை குடுத்த ஆளுன்னு பாக்கேளா?"

ஆமாம் என்றேன். டாக்டரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்றிருக்கிறாரே என்றேன். அவராக ஞாபகம் வந்து அவர் வாயாலேயே சொன்னால் நல்லது என்று பார்க்கிறேன் என்றேன்.

"அவருக்கு வராமலே போயிட்டா? அந்தப் பிள்ள தலையிலதானே எழுதுவாங்க." என் பக்கம் திரும்பி, "உங்க கால் போனதுக்கு நான் யாரையும் ஒரு வார்த்த கேக்கல. ஆனா அது போனது தன்னாலன்னு அந்தப் பிள்ள நினைச்சுக்கிட்டு இருந்தா நான் விடமாட்டேன்," என்றாள். கட்டையை எடுத்து என் கக்கத்தில் சரியாக வைத்தாள். "நடங்க."

அந்த வாரம் எனக்கு வலி கூடுதலாக இருந்தது. போன காலின் குதிகாலை யாரோ முறுக்குவதுபோல. கேப்டன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உமக்கு இல்லாத கால் வலிக்கு," என்றார். "எனக்கு இல்லாத நேரம் வலிக்கு. ஏறி உக்காந்தது வரைக்கும் போறேன் வே. அதுக்கு அங்கிட்டு கதவு பூட்டியிருக்கு."

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் காலை, கட்டு மாற்றிவிட்டு நர்ஸ் போனதும், நான் எழுந்து உட்கார்ந்தேன். ஒத்திகை பார்த்து வைத்தது எதுவும் வரவில்லை. நேராகச் சொன்னேன்.

"சார். சத்தம் தொட்டிக்கு முன்னால குறைஞ்சிட்டு. என் கொட்டகைக்கும் முன்னால. ஒரு பனை உயரம் இருக்கும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கேட்டது அவருக்குப் புரிந்ததா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வெளியே ராஜபாளையம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நல்லாக் கேட்டீரா?"

"கேட்டேன் சார். தினம் கேக்குத சத்தம்."

"ஏன் அங்கன குறைச்சேன்?"

அது எனக்கு எப்படித் தெரியும். ஆனால் பிள்ளைகள் தொட்டியை அடையாளம் வைத்திருந்ததைச் சொன்னேன். வருகிற பிள்ளைக்கெல்லாம் தெரிந்திருந்தது என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப அதைக் கண்டுபிடிச்சிருப்பேன்," என்றார். "எல்லாப் பிள்ளையும் எப்படி ஒண்ணுபோல சரியாச் செய்யுதுன்னு யோசிச்சிருப்பேன். தெரிஞ்ச இடத்துல வச்சா பரீட்சையான்னு நினைச்சிருப்பேன். நெசமான எஞ்சின் தொட்டியைப் பாத்தா நிக்கும்னு கேட்டிருப்பேன்." நிறுத்தினார். "இருப்பேன், இருப்பேன்னுதான் சொல்ல முடியுது, பாத்தீரா."

அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைக்கக் கூடாது. அதற்காகவும்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகள் நிஜமாகவே தப்பிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்திருப்பார். பிள்ளைகளும் ஒருத்தருக்கொருத்தர் நல்லது செய்வதாக நினைத்துத்தான் தொட்டியைச் சொல்லிக் கொடுத்தார்கள். யாரும் யாருக்கும் கேடு நினைக்கவில்லை. ஆனாலும் விமானம் பனை உயரத்திலிருந்து விழுந்தது.

அன்று அவர் பேச்சியம்மாள் கொண்டுவந்த ரசத்தைக் குடிக்கவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. மூடி வைத்துவிட்டுப் போனாள். டாக்டர் சொன்னதை மீறிவிட்டோமே என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருவேளை இன்னும் பத்து நாளில் அவருக்குத் தானாக வந்திருக்குமோ. வந்திருந்தால் அது அவருடைய சொந்த ஞாபகமாக இருந்திருக்கும். அதை நான் கெடுத்துவிட்டேனோ.

மறுநாள் அதிகாரி வந்தார். வயதானவர். மரியாதையாகப் பேசினார். நாற்காலியை என் படுக்கைப் பக்கம் இழுத்துப் போட்டார். பார்த்ததைச் சொல்லுங்கள் என்றார். நான் தொண்டையைச் செருமினேன்.

"அவர்ட்ட அப்புறம் கேளுங்க," என்றார் கேப்டன். "முதல்ல என்கிட்ட."

அதிகாரி திரும்பினார். உங்களுக்கு அந்த நேரம் ஞாபகம் இல்லை என்று மருத்துவர் சொன்னாரே என்றார்.

"வந்துட்டு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் எழுந்து உட்கார முயன்றார். இடுப்பு விடவில்லை. தலையணையில் சாய்ந்துகொண்டு, கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"சக்கரம் எழும்பின உடனே நான்தான் இடது எஞ்சினைக் குறைச்சேன். தொட்டிக்கு முன்னால. ஒரு பனை உயரம் இருக்கும். வேகம் பத்தாது. அந்தப் பிள்ளை எந்தக் காலை அமுக்கியிருந்தாலும் விழுந்துதான் இருக்கும். அவ மேல தப்பு இல்ல. செய்யக் கூடாத இடத்துல நான் செஞ்சேன்."

பனை உயரமா, எத்தனை அடி என்று அதிகாரி கேட்டார். கேப்டன் கொஞ்சம் யோசித்து ஒரு கணக்குச் சொன்னார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இருபது வருஷம் விமானம் ஓட்டியவர் உயரத்தைப் பனையால் அளக்க மாட்டார். அது என் வார்த்தை. கதவு திறக்கவில்லை. நான் கொடுத்ததை வாங்கித் தன்னுடையதாகச் சொல்கிறார். பார்த்தவன் சொன்னான் என்று போனால் மயில் விரட்டுகிறவன் பேச்சு என்று தள்ளிவிடுவார்கள், அந்தப் பிள்ளையின் பெயர் பாதிதான் துடைபடும் என்று நினைத்தாரோ என்னவோ. நான் கேட்டதில்லை.

பிறகு என்னிடம் கேட்டார்கள். கேட்ட சத்தத்தைச் சொன்னேன். இரண்டும் ஒத்துப்போகிறது என்றார் அதிகாரி. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்.

அவர் போனதும் கேப்டன் மூடி வைத்திருந்த ரசத்தைக் கேட்டார். ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தார்.

நஸ்ரின் மேல் தப்பில்லை என்று முடிந்தது. அவள் உம்மா போனில் அழுதுகொண்டே சொன்னார். பேச்சியம்மாள்தான் பேசினாள். பிள்ளை சாப்பிடுகிறாளா என்று முதலில் கேட்டாள். சாப்பிடுகிறாள் என்றார். வேறு பள்ளியில் சேர வாப்பா சம்மதித்துவிட்டார், அவள்தான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றார். கை சரியாகிவிட்டது. ஒரு நாள் வீட்டுக்கு வந்தாள். என் கட்டைக் காலைப் பார்த்தாள். இந்தத் தடவை நன்றாகப் பார்த்தாள். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, மயில்லாம் இப்ப ஓடுபாதையில குடித்தனமே நடத்துதாம்," என்றாள். நடத்தட்டும் என்றேன். பறக்கப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கேப்டனுக்கு இனி சொல்லிக் கொடுக்கும் உரிமம் கிடையாது. தங்கை வீட்டில் இருக்கிறார். ஊன்றுகோலோடு நடக்கிறார். வாரம் ஒருமுறையாவது போன் செய்வார். கால் எப்படி இருக்கிறது என்பார். எந்தக் கால் சார் என்பேன். இல்லாத கால்தான் வே என்பார். இப்போதெல்லாம் வலி குறைந்திருக்கிறது, மூளைக்குச் சேதி போய்விட்டது போல என்று சொன்னேன். நல்லது என்றார்.

அப்புறமும் போனை வைக்க மாட்டார். நானும் வைக்க மாட்டேன். அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

"சத்தம் எங்கன வச்சுக் குறைஞ்சிச்சு? இன்னொரு தடவ சொல்லும்."

"தொட்டிக்கு முன்னால சார். கொட்டகைக்கும் முன்னால."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.

"இன்னும் வரல வே," என்பார்.